ஆம் என்று சொல்லப்போகும் பிள்ளைகளுக்கு

அன்பான திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகளே,

உங்கள் ஓய்வுநாள் பள்ளி டீச்சர் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேரைப் பாலர் வகுப்பிலிருந்தே தெரியும். வசனப் போட்டியில் யார் பரிசு வாங்குவீர்கள், காணிக்கைக் காசில் யார் தேன்மிட்டாய் வாங்குவீர்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இந்த மடலைக் கவரில் போட்டு ஆளுக்கொன்றாய்க் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் உங்களோடு நின்றுவிடும். உங்கள் அப்பா அம்மாவும் சேகரக் கமிட்டிப் பெரியவர்களும் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே திறந்த மடலாக எழுதுகிறேன். நேராக அவர்களுக்கே எழுதலாமே என்பீர்கள். எழுதினால் கமிட்டியில் கடைசிப் பொருளாக வைத்து, மணியாகிவிட்டது, அடுத்த மாதம் பார்த்துக்கொள்வோம் என்று ஜெபம் பண்ணி முடித்துவிடுவார்கள்.

அடுத்த மாதம் பேராயர் வருகிறார். வெள்ளைச் சேலையும் வெள்ளைச் சட்டையும் தைக்கக் கொடுத்தாயிற்று. நீங்கள் கைக்குழந்தையாக இருந்தபோது பெற்றோரும் ஞானப் பெற்றோரும் உங்கள் சார்பில் கொடுத்த வாக்கை இப்போது நீங்களே ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்பார். நீங்கள் ஆம் என்று சொல்வீர்கள். தலையில் கைவைத்து ஜெபிப்பார். அன்றைக்கே பெரியவர்களோடு திருவிருந்துப் பந்திக்கும் வருவீர்கள். போன வாரம் இதற்கு ஒத்திகை நடந்தது. கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும், எல்லாரும் ஒரே குரலில் சொல்ல வேண்டும் என்று ஐயர் உங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். நன்றாகவே சொன்னீர்கள். பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தபோது, சொல்வதற்கு இவ்வளவு பழக்கிவிட்டோமே, செய்வதற்கு எதையாவது பழக்கினோமா என்று தோன்றியது. ஞானோபதேச வினாவிடை முழுவதும் உங்களுக்கு அத்துப்படி. அதைத் தாண்டி நான் வகுப்பில் பேசாமல் விட்ட சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

இயேசு சொன்ன இரண்டு மகன்கள் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மத்தேயு இருபத்தொன்றாம் அதிகாரம். திராட்சைத் தோட்டத்தில் போய் வேலை செய் என்கிறார் அப்பா. ஒருத்தன் முடியாது என்று மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்லிவிட்டு, பிறகு மனசு கேட்காமல் போகிறான். இன்னொருத்தன் போகிறேன் ஐயா என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. இந்தக் கதையை இயேசு வழிப்போக்கர்களுக்குச் சொல்லவில்லை. தேவாலயத்துக்குள், பிரதான ஆசாரியரையும் மூப்பரையும் எதிரில் வைத்துக்கொண்டு சொன்னார். இன்றைய கணக்கில் கமிட்டிக்குச் சொன்னார் என்று வைத்துக்கொள்ளலாம்.

போகிறேன் என்றவன் பொய் சொன்னான் என்று நான் நினைக்கவில்லை. சொல்லும்போது போகத்தான் நினைத்திருப்பான். நல்ல பிள்ளை, எதிர்த்துப் பேசத் தெரியாதவன். வாய் நிறையச் சொன்னதில் அப்பாவுக்கும் திருப்தி, அவனுக்கும் திருப்தி. அந்தத் திருப்தியிலேயே பாதி வேலை முடிந்துபோன மாதிரி இருந்திருக்கும். பக்தியாய்ப் பேசுவதில் உள்ள வில்லங்கமே இதுதான். ஒரு நல்ல ஜெபத்தைக் கண்ணீரோடு ஏறெடுத்தால் நெஞ்சு லேசாகிறது. லேசான நெஞ்சோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிடலாம். தோட்டத்தில் களை அப்படியே கிடக்கும்.

கன்வென்ஷன் மேடைகளில் ஜான் நியூட்டனின் கதையைக் கேட்டிருப்பீர்கள். அடிமைக் கப்பல் தலைவர், நடுக்கடலில் புயல், முழங்காலில் விழுந்தார், இரட்சிக்கப்பட்டார், அந்தத் தொழிலைத் தூக்கிப் போட்டுவிட்டு 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதினார். பிரசங்கியார் இதைச் சொல்லி முடிக்கவும் கீபோர்டில் அந்த ராகம் வாசிக்கவும் சரியாக இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அப்படி இல்லை.

புயல் வந்தது 1748 மார்ச்சில். நியூட்டனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவர் வந்த கப்பல் அடிமைக் கப்பலும் அல்ல, அவர் அதன் தலைவரும் அல்ல. மூழ்கும் நிலைக்குப் போன கப்பலில் கடவுளை நோக்கிக் கூப்பிட்டார், பிழைத்தார், அந்த நாளை உயிருள்ளவரை மறக்கவில்லை. இது வரைக்கும் சரி. அடிமை வியாபாரத்தில் அவர் பெரிய ஆளானது இதற்குப் பிறகுதான். அந்த வருஷமே அடிமைக் கப்பல் ஒன்றில் துணை அதிகாரியாகப் போனார். 1750 முதல் 1754 வரை தலைவராகவே மூன்று பயணம். ஆப்பிரிக்கக் கரையில் ஆண்களையும் பெண்களையும் பிள்ளைகளையும் விலைக்கு வாங்கி, விலங்கு பூட்டி, அட்லாண்டிக்குக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் விற்றார்.

அந்தக் கப்பலை ஒரு நிமிஷம் கண்முன் கொண்டுவாருங்கள். ஞாயிற்றுக்கிழமை. மேல்தளத்தில் மாலுமிகளைக் கூட்டிவைத்துத் தலைவர் ஆராதனை நடத்துகிறார். வேதம் வாசிக்கிறார். கெட்ட வார்த்தை பேசுவதை அடியோடு விட்டிருந்தார். தனி ஜெபம் உண்டு, உபவாசம் உண்டு. ஊரில் இருக்கும் மனைவிக்குத் தேவனுடைய கிருபையைப் பற்றி நீள நீளமாகக் கடிதம் எழுதுவார். அவர் முழங்கால் போட்ட பலகைக்குக் கீழே, நிமிர்ந்து உட்கார முடியாத உயரத்தில், இரண்டிரண்டு பேராகச் சங்கிலியில் பிணைத்து மனிதர்களைப் படுக்கவைத்திருந்தார்கள். 1752இல் கப்பலில் கலகம் வரப்போகிறது என்ற சந்தேகத்தில் சிறுவர்களின் விரல்களை இறுக்கும் திருகில் மாட்டி விசாரித்ததை அவரே தம் கப்பல் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறார். உங்கள் வயதுப் பிள்ளைகளாக இருந்திருக்கும்.

தொழிலை அவர் விட்டதற்கும் மனசாட்சி காரணமில்லை. 1754இல் திடீரென்று வலிப்பு வந்து விழுந்தார், கடலுக்குப் போகாதே என்றார்கள், நின்றுவிட்டார். 1764இல் குருப்பட்டம் பெற்றார். உலகமெல்லாம் பாடும் அந்தப் பாட்டு அவருடைய சபையில் 1773 புத்தாண்டு நாளுக்காக எழுதப்பட்டது. அடிமை வியாபாரத்துக்கு எதிராக அவர் பகிரங்கமாக வாய்திறந்தது 1788இல். தாம் கண்ணால் கண்டதையும் கையால் செய்ததையும் மறைக்காமல் ஒரு சிறுநூலாக எழுதி வெளியிட்டார். இந்த அறிக்கை மிகவும் காலம் கடந்து வருகிறது என்று அதிலேயே ஒப்புக்கொண்டார். அந்த வியாபாரத்தை ஒழிக்கப் போராடிய வில்பர்ஃபோர்ஸ் போன்றவர்களுக்குத் தோள் கொடுத்தார், பாராளுமன்ற விசாரணையில் சாட்சி சொன்னார். 1807இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை வியாபாரத்தைத் தடை செய்ததைப் பார்த்துவிட்டு அந்த ஆண்டு டிசம்பரில் இறந்தார்.

புயலுக்கும் சிறுநூலுக்கும் இடையில் நாற்பது வருஷம். அந்த நாற்பது வருஷமும் அவர் வேஷம் போட்டார் என்று சொல்லிவிட்டால் நமக்கு வசதி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் மனமாரத்தான் ஜெபித்தார். அவர் காலத்துச் சபை எதையெல்லாம் பாவம் என்று பட்டியல் போட்டு வைத்திருந்ததோ அதையெல்லாம் ஒழுங்காக விட்டார். அடிமை வியாபாரம் அந்தப் பட்டியலில் இல்லை. அது கௌரவமான தொழிலாக இருந்தது. சபையில் யாரும் அவரைக் கூப்பிட்டு, தம்பி, என்ன சரக்கு ஏற்றுகிறாய் என்று கேட்கவில்லை.

நம் சபைக்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. உங்களுக்கே தெரியும். சினிமாவுக்குப் போகக் கூடாது, குடிக்கக் கூடாது, பீடி சிகரெட் கூடாது, ஞாயிறு கோயிலைத் தவறவிடக் கூடாது. சில வீடுகளில் நகையும் பூவும் கூடாது. இதையெல்லாம் நான் கிண்டல் செய்யவில்லை. குடியால் அழிந்த குடும்பங்கள் நம் தெருவிலேயே இருக்கின்றன. ஆனால் பட்டியலை மேலிருந்து கீழாக ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். நமக்கு நாமே செய்துகொள்ளும் கெடுதல்தான் பெரும்பாலும் இருக்கும். நாம் சுகமாக இருப்பதற்காக இன்னொருத்தர் கொடுக்கும் விலை எதுவும் அதில் ஏறுவதில்லை.

அறுப்பின் பண்டிகை ஏலம் உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரியும். எனக்கும் பிடிக்கும். மைக்கில் ஒருத்தர் கூவ, பூசணிக்காயும் சேவலும் முறுக்குத் தட்டும் கை மாற, விட்டுக்கொடுக்காமல் மாமனும் மச்சானும் ஏற்றிவிட, சிரித்து வயிறு வலிக்கும். ஒரு வருஷம் நல்ல ஏத்தன் வாழைக்குலை ஒன்று வந்தது. கடைவிலையைப் போலப் பல மடங்குக்கு ஏலம் போனது. எடுத்தவரே அதைத் திரும்பக் கோயிலுக்குக் கொடுத்தார், மறுபடியும் ஏலம் விட்டார்கள், மறுபடியும் கைதட்டு. குலையைத் தோட்டத்தில் வெட்டித் தலைச்சுமையாகக் கொண்டுவந்து இறக்கியவர் வெளியே வேப்பமரத்தடியில் சும்மாட்டுத் துண்டை உதறிக்கொண்டு நின்றார். அவருக்கு இரண்டு வாரக் கூலி பாக்கி. பண்டிகை முடியட்டும், வியாழக்கிழமை வா என்று சொல்லியிருந்தார்கள். இதை அவரே என்னிடம் சொன்னார், குறையாகக்கூட இல்லை, வியாழக்கிழமை கிடைத்துவிடும் டீச்சர் என்று.

உபாகமம் இருபத்திநாலாம் அதிகாரத்தில் கூலிக்காரனின் கூலியை அன்றன்றைக்கே, பொழுது சாய்வதற்கு முன்னால் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. அவன் ஏழை, அதையே நம்பியிருக்கிறான் என்று காரணமும் சொல்லியிருக்கிறது. யாக்கோபு இன்னும் ஒரு படி மேலே போகிறார். அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறதாம், அது கடவுளின் காதில் விழுகிறதாம். நாம் நன்றி சொல்லிக் கொண்டாடுவதும் அதே அறுப்பைத்தான்.

சகேயு கதையை விடுமுறை வேதாகமப் பள்ளியில் நாமே நாடகமாகப் போட்டோம். குள்ளமான பையனாகப் பார்த்து மேஜை மேல் ஏற்றினோம், இயேசு கூப்பிட்டார், இறங்கினான், வீட்டில் விருந்து, திரை போட்டாயிற்று. லூக்கா அங்கே நிறுத்தவில்லை. விருந்துக்கு நடுவில் சகேயு எழுந்து நின்று கணக்குச் சொல்கிறான். சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியதற்கு நாலு மடங்கு திரும்ப. இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு அறிவித்தது இந்தக் கணக்கைக் கேட்ட பிறகு. அன்று ராத்திரி எரிகோவில் எத்தனை வீட்டுக் கதவு தட்டப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சகேயு மனந்திரும்பியது அந்த வீட்டுக்காரர்கள் கையில் பணமாக வந்து விழுந்திருக்கும். அடுத்த முறை நாடகம் போட்டால் அந்தக் காட்சியையும் வையுங்கள்.

இனி கல்யாண விஷயம். உங்களுக்கு இன்னும் வயசாகவில்லை என்று தெரியும். ஆகும்போது நான் இருப்பேனோ மாட்டேனோ, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஓலை வாசிப்பதைக் கேட்டிருக்கிறீர்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் உண்டானால் தெரிவியுங்கள் என்று ஐயர் மூன்று முறை அறிக்கையிடுவார். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. எங்கள் அம்மா காலத்திலிருந்து ஓலை கேட்டுவருகிறேன். யாரும் எழுந்து, ஐயரே, தடை இருக்கிறது, இந்தக் கல்யாணத்தில் இத்தனை பவுன் பேசி முடித்திருக்கிறார்கள் என்று சொன்னதில்லை. நாங்க எதுவும் கேக்கல, உங்க பொண்ணுக்கு நீங்க செய்றதைச் செய்ங்க. இந்த ஒரு வாக்கியத்தைப் பக்தியுள்ள வாய்கள் எவ்வளவு அழகாகச் சொல்லும் தெரியுமா? அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வரும் பெண்ணின் அப்பா அன்று ராத்திரியே எந்த நிலத்தை விற்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

பையன்களே, இந்த இடத்தில் உங்களுக்குத் தப்பிக்க ஒரு சின்னச் சந்து இருக்கிறது. எனக்கு இதில் விருப்பமில்லை, அம்மாதான் பேசுகிறார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். சொன்னவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். சொல்லிக்கொண்டே சீராக வந்த காரில் ஏறிச் சாவியைத் திருப்பினார்கள். விருப்பமில்லாதவன் அந்தப் பேச்சு நடக்கும் கூடத்தில் இருந்துகொண்டு, எல்லார் முன்னாலும், அம்மா, வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு வீட்டில் ஒரு மாதம் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். சிலுவை சுமப்பது என்று நாம் பாடுவது இந்த அளவுக்குச் சாதாரணமாகவும் அசௌகரியமாகவும் வரும்.

சாதியைப் பற்றி எழுதாமல் போனால் இந்த மடலுக்கு அர்த்தமில்லை. வள்ளியூருக்குப் பக்கத்தில் வடக்கன்குளம் இருக்கிறது. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய திருக்குடும்ப ஆலயம் இரண்டு கிளையாகப் பிரிந்து பீடத்தில் வந்து சேரும். வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் ஒரு கிளையில், நாடார் உள்ளிட்ட மற்றவர்கள் ஒரு கிளையில். இடையில் சுவர். பூசை வைக்கும் குரு இரண்டு பக்கத்தாருக்கும் தெரிவார், ஒரு பக்கத்தார் முகம் மறுபக்கத்தாருக்குத் தெரியாது. மண்டியிட்டது ஒரே கடவுளிடம், சொன்ன ஜெபமும் ஒன்று. 1910இல் பங்குக்குருவாக இருந்த கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை இடித்தார். இடித்தது தவறு, எங்களுக்குத் தனி இடம் உரிமை என்று வெள்ளாளர்கள் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' என்ற நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார், நூலகத்தில் இருந்தால் எடுத்துப் படியுங்கள்.

அது ஆர்.சி. கோயில், நம்முடையது அப்படியில்லை என்று உங்கள் தாத்தா சொல்லக்கூடும். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல், சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சபையைவிட்டுப் போகிறோமே தவிர சாதியை விட மாட்டோம் என்று வெளியேறியவர்கள் நம் சீர்திருத்தச் சபையார்தான். எனவே தாத்தாவிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்.

இன்றைக்கு நம் கோயிலில் சுவர் இல்லை. அது உண்மை, அதற்காக நன்றி சொல்ல வேண்டியதுதான். அசனத்தன்று எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே அண்டாவில் பொங்கிய சோற்றைச் சாப்பிடுகிறோம். மறுநாள் பெண் பார்க்கக் கிளம்பும்போது மட்டும், தேவசித்தம் எப்போதும் நம் சாதி எல்லைக்குள்ளேயே அமைந்துவிடுகிறது. அதை ஆச்சரியம் என்று யாரும் சாட்சி சொல்வதில்லை. நீங்கள் காதலித்துத்தான் கல்யாணம் பண்ண வேண்டும் என்று நான் தூண்டிவிடுவதாக உங்கள் அம்மாக்கள் நினைக்க வேண்டாம். உங்கள் வகுப்பில் மேற்குத் தெருப் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குள் போய்த் தண்ணீர் வாங்கிக் குடித்தவர்கள் உங்களில் யார் யார்? இப்போதைக்கு அவ்வளவுதான் கேட்கிறேன்.

இந்த இடத்தில் யாராவது ஒரு பெரியவர் தொண்டையைக் கனைப்பார். இரட்சிப்பு கிருபையினால் வருகிறது, கிரியையினால் இல்லை, டீச்சர் பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பார். எபேசியர் இரண்டாம் அதிகாரத்தைத் திறப்பார். திறக்கட்டும். எட்டாம் ஒன்பதாம் வசனங்களை வாசித்துவிட்டு மூடிவிடாமல் பத்தாவதையும் வாசிக்கச் சொல்லுங்கள். எந்தக் கிரியைக்காக நாம் உண்டாக்கப்பட்டோம் என்று பவுல் அங்கேதான் சொல்கிறார். மார்ட்டின் லூத்தருக்கு யாக்கோபின் நிருபம் அவ்வளவாகப் பிடிக்காது, அதை வைக்கோல் என்றே ஒரு முன்னுரையில் சொல்லிவிட்டார். பாவமன்னிப்பைக் காசுக்கு விற்ற காலம் அது, அவர் கோபம் நியாயமானது. நம் ஊரில் நற்கிரியை செய்து மோட்சத்தை விலைக்கு வாங்கிவிடுவார்களோ என்று பயப்படும் அளவுக்கு யாரும் அள்ளிக் கொடுத்துவிடவில்லை. கூலிபாக்கியைத் தீர்ப்பதால் கடவுள் நமக்குக் கடன்பட்டுவிட மாட்டார். ஏற்கெனவே கொடுக்க வேண்டியதைத்தான் கொடுக்கிறோம்.

இதுவரை எழுதியதைப் படித்தால் நம் சபையில் கீழ்ப்படிந்தவர்களே இல்லை என்பதுபோல் ஆகிவிடும். அப்படி இல்லை. உங்கள் பாட்டிகளைக் கேளுங்கள், கைப்பிடி அரிசி என்றால் என்ன என்று. உலைக்கு அரிசி அளந்து சுளகில் கொட்டியதும், அதிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனிப் பானையில் போடுவார்கள். ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி. வீட்டில் அரிசி தாராளமாக இருந்த காலம் அல்ல, அந்த ஒரு பிடி யாரோ ஒருத்தர் இலையில் குறையும், பெரும்பாலும் பானையைக் கழுவும் அம்மாவின் இலையில்தான். சேர்ந்த அரிசியைச் சபைக்குக் கொண்டுவருவார்கள். ஊழியத்துக்குப் போனவர்களை அனுப்பியதில் அந்த அரிசிக்கும் பங்குண்டு. அந்தப் பெண்களில் பலருக்கு எழுத்து வாசனை கிடையாது. எழுந்து சாட்சி சொல்லச் சொன்னால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார்கள்.

மிஷனெரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டையில் 1830இல் தர்ம சங்கத்தைத் தொடங்கினார். கிறிஸ்தவர்களானதற்காக ஊரில் அடியும் வெளியேற்றமும் பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்துவது அதன் வேலை. அவர்களுக்காக ஜெபியுங்கள் என்று சொல்லிவிட்டு நின்றிருக்கலாம். அவர்கள் நிலமே வாங்கினார்கள்.

வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவை உங்களுக்குப் பேராயராகத் தெரியும், ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர், 1912. அதற்கு முன்னால் 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியதில் அவர் முன்னின்றார். நம் பணம், நம் ஆட்கள், வெளிநாட்டுக் கையை எதிர்பார்ப்பதில்லை என்பது ஏற்பாடு. தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் என்ற இடத்துக்கு ஆள் அனுப்பினார்கள். சில வருஷம் கழித்து, வெளிநாடெல்லாம் போய்வந்த ஒய்.எம்.சி.ஏ. பதவியை விட்டுவிட்டு, அவரே அங்கே போய்விட்டார். முப்பது வயதுக்கு மேல் உட்கார்ந்து தெலுங்கு படித்தார். மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டு நான் எப்படி இங்கே இருப்பது என்ற உறுத்தல்.

அதே அசரியா 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் பேசியதுதான் எனக்கு அதிகமாக நினைவில் நிற்கிறது. மேடை முழுக்க வெள்ளைக்கார மிஷனெரிகள், பெரிய மனிதர்கள். உங்கள் தியாகத்துக்கு நன்றி, பொருள் கொடுத்தீர்கள், உங்களையே கொடுத்தீர்கள், எங்களுக்கு நட்பும் வேண்டும் என்று அவர்கள் முகத்துக்கு நேரே கேட்டார். ஏழைக்குக் கொடுத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்காரத் தயங்குகிறவர்களின் கொடையும் அரைகுறைதான் என்பது அதன் பொருள். கூட்டத்தில் பலருக்கு உறைத்தது, சிலருக்குக் கோபம். நமக்கு உறைக்க வேண்டியதும் அதே இடத்தில்தான்.

டாக்டர் ஐடா ஸ்கடர் கதை உங்களுக்கு மனப்பாடம் என்பதால் நீட்டவில்லை. ஒரே ராத்திரியில் மூன்று வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டும், பெண் டாக்டர் இல்லாததால் மூன்று தாய்மாரும் இறந்துபோனார்கள். அடுத்து அவர் செய்த காரியத்தை மட்டும் கவனியுங்கள். பரீட்சைக்குப் படிக்கப் போனார். 1899இல் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு இந்தியாவுக்குத் திரும்பினார். உடற்கூறு மனப்பாடம் செய்த அத்தனை ராத்திரியும் கீழ்ப்படிதல்தான். பொதுத்தேர்வு இருப்பவர்கள், உபவாசக் கூட்டத்துக்கு வரவில்லையே என்று மனசு குமைய வேண்டாம், உட்கார்ந்து படியுங்கள். கன்வென்ஷன் கமிட்டியார் என்மேல் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை.

செய்வதிலும் ஒரு நோய் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் கோயிலில் ட்யூப் லைட்டில், காற்றாடி இறக்கையில், பெஞ்சு முதுகில், ஒலிபெருக்கிப் பெட்டியில் எங்கே பார்த்தாலும் கொடுத்தவர் பெயர். ஒரு லைட்டில் குடும்பத்தார் எல்லார் பெயரையும் எழுதியதில் வெளிச்சம் வரவே வழியில்லாமல் போய்விட்டது. கிறிஸ்துமஸுக்கு முதியோர் இல்லத்தில் போர்வை கொடுக்கப் போனால், போர்வையின் ஒரு நுனி பாட்டி கையிலும் மறுநுனி நம் கையிலும் இருக்கும்போது, போட்டோ சரியாக விழும்வரை அந்தப் பாட்டி சிரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. மத்தேயு இருபத்தைந்தில் வலதுபக்கம் நிற்பவர்களைப் பாருங்கள். பசிக்குச் சோறு கொடுத்தீர்கள், சிறையில் வந்து பார்த்தீர்கள் என்று ராஜா சொன்னதும் அவர்கள் முழிக்கிறார்கள். எப்போது ஆண்டவரே, எங்களுக்கு நினைவில்லையே என்கிறார்கள். அவர்களிடம் போட்டோ இல்லை.

இப்போது என் வேண்டுகோள். வகுப்பின் நினைவாக ஆலயத்துக்கு ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கிக்கொடுக்க ஆளுக்கு இவ்வளவு என்று பணம் சேர்க்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். கீழே உங்கள் எல்லார் பெயரும் வரும் என்றும் சொன்னார்கள். ஏற்கெனவே நம் கோயிலில் மூன்று கடிகாரம் ஓடுகிறது, ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டுகிறது, பிரசங்கம் எதையும் பார்ப்பதில்லை. சேர்ந்த பணம் அப்படியே இருக்கட்டும். கோயிலைக் கூட்டித் துடைக்கிற அக்காவுக்குக் கமிட்டி கொடுக்கும் சம்பளம் எவ்வளவு என்று, மூன்று நான்கு பேராகப் போய்ப் பொருளாளரிடம் மரியாதையாகக் கேளுங்கள். எத்தனை வருஷமாக அது உயரவில்லை என்றும் கேளுங்கள். திடப்படுத்தல் பெறப்போகிற சபை மக்கள் நீங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உயர்த்த நிதியில்லை என்றால், நீங்கள் சேர்த்ததை அதற்கு முதல் தொகையாக வைக்கிறோம், மீதியைக் கமிட்டி பார்க்கட்டும் என்று எழுத்தில் கொடுங்கள். எழுத நான் உதவுகிறேன். பெயர் போட வேண்டியது அந்த மனுவில், எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். கமிட்டி இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் கூடுகிறது. அதற்கு முந்தின புதன்கிழமைக்குள் செயலாளர் கையில் போய்ச் சேர்ந்தால்தான் அஜெண்டாவில் ஏறும்.

அன்புடன்,
உங்கள் ஓய்வுநாள் பள்ளி டீச்சர்